பவர் பட்டன் போனால் லேப்டாப்பே போச்சா?

காஞ்சிபுரத்தில் சேலை டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, அட்டை அடித்து, தறியின் ஜக்கார்டில் மாட்டும் முறை இன்னும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, கணினியில் டிசைன் வரைந்து பென் டிரைவில் எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் வந்துவிட்டது. அந்த வேலைக்கு வீட்டுப் பிள்ளைக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011-இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த லேப்டாப் திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்தது. அந்த முதல் வரிசை மெஷின்களுக்குப் பத்து வயது எப்போதோ தாண்டிவிட்டது. ஒருநாள் பட்டனை அமுக்கினால் அசைவே இருக்காது. உடனே வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு.

“பட்டன் வேலை செய்யவில்லை என்றால் மதர்போர்டு அவுட்.”

அதிகம் பணம் பறிக்கும் நம்பிக்கை இதுதான். தறியில் மிதியை மிதித்தால் அந்தக் காலின் பலத்தில்தான் பாவு பிரிகிறது. பவர் பட்டன் அப்படிப்பட்ட மிதி அல்ல. சார்ஜரின் 19 வோல்ட் அதன் வழியாகப் போவதே இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய கன்ட்ரோலர் சிப், மெஷின் அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து ஒரு கம்பியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பியில் பெரும்பாலும் 3.3 வோல்ட் நிற்கும். பட்டனை அமுக்கியதும் அது ஒரு கணம் கிரவுண்டைத் தொட்டுப் பூஜ்யத்துக்கு இறங்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிப்தான் ஒவ்வொரு சப்ளையாக வரிசையாக எழுப்புகிறது. பட்டனின் வேலை தகவல் சொல்வது மட்டுமே.

ஆகவே தகவல் போகும் வழியை முதலில் பார்க்க வேண்டும். பல மாடல்களில் பட்டன் ஒரு குட்டி போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மதர்போர்டுக்கு ஒரு தட்டை ரிப்பன் போகும். கடையில் ஸ்ட்ரிப் என்பார்கள். ஸ்ட்ரிப்பைப் பிடித்துக்கொள்ளும் சாக்கெட்டில் நகத்தால் தூக்கக்கூடிய ஒரு லாக். ரேம் போடவோ கீபோர்டு மாற்றவோ திறந்தவர், லாக்கைத் தூக்காமல் மேல் மூடியை இழுத்திருந்தால் ஸ்ட்ரிப் கிழியும், அல்லது லாக் உடையும். “போன மாதம் சர்வீஸுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான்” என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சார்ஜரைச் செருகினால் சார்ஜ் விளக்கு எரிகிறதா? எரிந்தால் போர்டில் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது. அடுத்த சோதனையைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்: பட்டனின் இரண்டு முனைகளை மட்டும் இடுக்கியால் ஒரு கணம் சேர்த்துப் பார்ப்பது. மெஷின் எழுந்தால் குற்றவாளி பட்டன்தான். அங்கே எழாமல், மதர்போர்டுப் பக்கத்தில் அதே கம்பியைக் கிரவுண்டோடு தொட்டால் மட்டும் எழுந்தால், ஸ்ட்ரிப் அல்லது சாக்கெட். இதைச் செய்யாமலேயே “போர்டு மாத்தணும்” என்று சொல்லும் கடையிலிருந்து மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

“கிழிந்த ஸ்ட்ரிப்பை ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாம்.”

முடியாது. பசை மின்சாரம் கடத்தாது; அது சாக்கெட்டுக்குள் வழிந்தால் சாக்கெட்டும் போகும். புது ஸ்ட்ரிப் வாங்கும்போது பின் எண்ணிக்கையும் நீளமும் மட்டும் பார்த்தால் போதாது. பின்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பொருந்த வேண்டும். அது அரை மில்லிமீட்டரா, ஒன்றா என்று அளந்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், இரு முனைகளிலும் உலோகம் தெரியும் முகம் ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா என்பது. அது மாறினால் கம்பிகளின் வரிசையே தலைகீழாகிவிடும். லாக் மட்டும் உடைந்திருந்தால், ஸ்ட்ரிப்பின் முதுகில் வெப்பம் தாங்கும் டேப்பை மடித்து ஒட்டி இறுக்கமாகச் செருகுவது கடைக்காரர்கள் செய்யும் வைத்தியம். பலமுறை அது நிற்கும். எதைத் தொடுவதற்கு முன்பும் சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

தறி ஓடும் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். பார்க்க நூல், வேலையில் கம்பி. வெட்டி விழுந்த ஒரு துண்டு போர்டில் இரண்டு பின்களுக்கு நடுவே படுத்தால் ஷார்ட்தான். சேலை மடிக்கும் பாயில் வைத்து லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்.

“பட்டனை அடிக்கடி அமுக்கினால் தேய்ந்துவிடும், எப்போதும் ஸ்லீப்பிலேயே வை.”

இவ்வகைச் சின்ன சுவிட்சுகள் பல்லாயிரம் அமுக்கலுக்கு மேல் தாங்கும்படி செய்யப்படுகின்றன. கெடுதல், நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைப்பதில் இருக்கிறது. அப்போது விண்டோஸைக் கேட்காமலேயே மின்சாரம் துண்டிக்கப்படும்; சேமிக்காத டிசைன் போய்விடும்.

“சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு முப்பது விநாடி பட்டனை அமுக்கிப் பிடித்தால் சரியாகும்.”

சிரிக்க வேண்டாம், இதில் உண்மை உண்டு. அந்தக் கன்ட்ரோலர் சிப் சிக்கிக்கொண்டிருந்தால், தேங்கிய மின்சாரம் வடிந்ததும் அது புதிதாகத் தொடங்கும். ஸ்ட்ரிப் கிழிந்த மெஷினில் மட்டும் எத்தனை நேரம் பிடித்தாலும் விரல்தான் வலிக்கும்.

“ரிப்பேர் ஆகும்வரை ஒன்றும் செய்ய முடியாது. ஃபைல் எல்லாம் போச்சு.”

பட்டனுக்கும் ஃபைலுக்கும் சம்பந்தமே இல்லை. டிசைன் எல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. பட்டனுக்காக ஃபார்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவசரமென்றால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்கலாம். லெனோவோவின் பல மாடல்களில் ஓரத்தில் நோவோ என்ற சிறு பட்டனோ துளையோ இருக்கும். அதைக் குத்தினால் வரும் மெனுவிலிருந்து வழக்கம்போல் மெஷினைத் தொடங்கலாம். சில டெல், ஹெச்பி, திங்க்பேட் மெஷின்களின் பயாஸில் சார்ஜரைச் செருகியதும் தானாக எழும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்ய ஒருமுறையாவது மெஷின் ஓட வேண்டும் என்பதால், பட்டன் அடம்பிடிக்கத் தொடங்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

பட்டன் கீபோர்டிலேயே சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கீபோர்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். மேக்புக்கில் கைரேகை பட்டன் அதன் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறொரு பட்டனை மாட்டினால் மெஷின் எழும், ஆனால் ஆப்பிளின் முறைப்படி ஜோடி சேர்க்காதவரை கைரேகை வேலை செய்யாது.