விற்பனை வரி யார் தலையில்?

கேள்வி: பில்லில் போடும் வரி முழுவதும் வாங்குபவர் தலையில்தானே விழுகிறது? விற்பவருக்கு அதில் பங்கு உண்டா?

பதில்: விற்பனை வரியை அரசுக்குக் கட்டுபவர் கடைக்காரர், பில்லில் அது வாடிக்கையாளர் கணக்கில் ஏறுகிறது. ஆனால் சுமை யார் மேல் இறங்கும் என்பதைச் சட்டமோ பில்லோ முடிவு செய்வதில்லை. விலை ஏறும்போது விலகிப்போக யாருக்கு வழியில்லையோ, அவரே அதிகம் சுமக்கிறார்.

100 ரூபாய்க்கு விற்ற பொருளுக்கு 10 ரூபாய் வரி விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் 110 கேட்டால் கூட்டம் குறைகிறது. 107-க்கு இறங்கி வருகிறார். வாங்குபவர் 7 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். வரி போக 97 ரூபாயே மிஞ்சுவதால் கடைக்காரருக்கு 3 ரூபாய் குறைகிறது. உப்பு, மருந்து, சிகரெட் போன்றவற்றில் வாங்குபவர் பங்கு கூடும். பக்கத்திலேயே மாற்று கிடைக்கும் பொருளில் விற்பவர் பங்கு கூடும்.

அமெரிக்காவில் 1991-இல் வந்த ஆடம்பர வரி இதற்கு வலி மிகுந்த சான்று. ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் உல்லாசப் படகுகளுக்கு, தாண்டிய தொகையில் 10 சதவீதம் வரி. குறி வைத்தது பணக்காரர்களை. அவர்களோ படகு வாங்காமலே இருந்துவிட முடிந்தது. தச்சுவேலையும் வண்ணப்பூச்சும் மட்டுமே தெரிந்த படகுத்துறைத் தொழிலாளர்களுக்கு அப்படி விலக இடமில்லை. பலர் வேலை இழந்தனர். அப்போதைய பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது உண்மை. படகுகள் மீதான அந்த வரி 1993-இல் நீக்கப்பட்டது.