புகையறை சூடேறவில்லையா? விறகைக் கூட்டுமுன் இதைப் பாருங்கள்

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் கரவனெல்ல, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் எதுவும் லேசில் காயாது. இறப்பர் மரத்துக்கு மழைமறைப்புக் கட்டி எப்படியோ பாலை வெட்டி, உறையவைத்து, மெசினில் போட்டு எடுத்த சீட்டுகள் புகையறையில் ஒரு வாரமாகத் தொங்கும். அடுப்பு எரிகிறது, புகையும் வருகிறது, ஆனால் உள்ளே சூடில்லை. “அக்கா, விறகு போட்டுப் போட்டுக் கை ஓஞ்சி போச்சு, சீட்டு இன்னும் வெள்ளையாவே இருக்கு” என்பதுதான் பேச்சாக இருக்கும். விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்து சேர்த்த பால் அது. புகையறையில் கெட்டு, வியாபாரியின் தராசில் தரம் குறைந்து போவது எனக்குப் பொறுக்காத விடயம்.

சூடேறாத புகையறைக்குப் பெரும்பாலும் காரணம் நெருப்புக் குறைவு அல்ல, தண்ணீர். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் சூட்டைப்போல ஐந்து மடங்குக்கும் மேல், கொதித்த அதே தண்ணீரை ஆவியாக்க ஆகும். ஈரம் விறகில் இருக்கலாம், புகைவழியில் இருக்கலாம், சீட்டிலேயே இருக்கலாம், வெளியேற வழியில்லாமல் கூரைக்குக் கீழே நிற்கலாம். எங்கே இருந்தாலும் அடுப்பின் சூட்டை அதுதான் தின்கிறது. ஆகவே விறகைக் கூட்டுவதற்கு முன் ஈரம் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

தேடத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து காபனோரொட்சைட்டு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். கதவையும் மேல் துவாரங்களையும் நன்றாகத் திறந்துவிட்டு, புகை கலைந்த பிறகு உள்ளே போங்கள். வெளியே ஒருவர் நிற்கட்டும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று புகையறைக்குள் யாரும் படுக்கவே கூடாது.

முதல் வேலை அளப்பது. கையை வைத்துப் பார்த்து மதிப்பிட வேண்டாம். ஒரு வெப்பமானியைச் சீட்டு தொங்கும் உயரத்தில் கட்டுங்கள். தரையில் வைத்தால் ஒரு கணக்கு, கூரையடியில் வைத்தால் இன்னொரு கணக்கு காட்டும். முதல் நாள் 40 முதல் 45 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு நாளுக்கு நாள் கூட்டி 60 வரை கொண்டுபோகலாம். இப்படி நடந்தால் நான்கைந்து நாளில் சீட்டு காய்ந்துவிடும். காலையில் ஒரு தடவையும், இரவில் அடுப்புக்கு விறகு வைத்துவிட்டுப் படுக்கப் போகுமுன் ஒரு தடவையும் பார்த்து எழுதிவையுங்கள். பகலில் சரியாக இருந்து விடியற்காலையில் 35க்கு இறங்கியிருந்தால் புகையறையில் பிழையில்லை, இரவு நெருப்புத்தான் அணைந்திருக்கிறது. பெரிய கட்டையாகப் பார்த்து இரவுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்து விறகு. எங்கள் பக்கம் வெட்டிச் சாய்த்த இறப்பர் மரம்தான் பெரும்பாலும் விறகு. பச்சையாக எரித்தால் நெருப்பின் பலத்தில் ஒரு பங்கு விறகின் தண்ணீரை விரட்டவே போய்விடும். எரியும் கட்டையின் வெட்டுமுனையைப் பாருங்கள். அங்கே நுரை கொப்பளித்தால், சீறினால், அது காயவில்லை. காய்ந்த இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும். பிளந்து, நிலத்தில் படாமல் குறுக்குக் கட்டை வைத்து, கூரைக்கடியில் அடுக்குங்கள். மழையில் போட்டுவைத்த இறப்பர் கட்டை சீக்கிரமே உளுத்துப்போகும், அதிலும் சூடு கிடைக்காது. கையோடு அடுப்பின் சாம்பலையும் வாரிவிடுங்கள். அடியில் சாம்பல் நிறைந்தால் காற்று ஏறாது, நெருப்பு மூச்சுத் திணறும்.

மூன்றாவது புகைவழி. மழைக்காலத்துப் பிழைகளில் பாதி இங்கேதான் என்பது என் அனுபவம். வெளியே இருக்கும் அடுப்பிலிருந்து நிலத்துக்கடியால் ஓடி, புகையறையின் நடுவில் திறக்கும் வழி அது. மலைச்சரிவில் கட்டிய புகையறை என்றால் மேற்பக்கத்து மண்ணிலிருந்து நீர் கசிந்து அதற்குள் இறங்கும். அடுப்பை ஆறவிட்டு, டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சேறு மினுங்குகிறதா, செங்கல் சரிந்திருக்கிறதா, கரியும் தாரும் படிந்து வழி ஒடுங்கியிருக்கிறதா? தண்ணீர் இருந்தால் எவ்வளவு எரித்தாலும் நீராவிதான் உள்ளே போகும். புகையறைக்கு மேற்பக்கம் ஒரு கான் வெட்டி மழைநீரைச் சுற்றித் திருப்பிவிடுங்கள். புகைவழியைச் சுரண்டிச் சுத்தமாக்கி, சரிந்த கல்லை எடுத்துக் கட்டுங்கள். பிறகு சீட்டில்லாமல் ஒரு நாள் சிறு நெருப்பு மூட்டி மண்ணை உலர்த்துங்கள்.

புகை அடுப்பின் வாயாலேயே திரும்பி வந்தால் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது மேலே துவாரம் மூடியிருக்கிறது. புகை ஒழுங்காக உள்ளே போயும் சூடு நிற்கவில்லையென்றால் எங்கோ ஓட்டை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவிடுக்கிலும் சுவர் மூலைகளிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அங்கே வெடிப்பு. களிமண்ணைக் குழைத்து அடைத்தால் போதும். துருப்பிடித்த தகரத்துக்கு மாற்றுத் தகரம்தான் மருந்து.

நான்காவதாக மேல் துவாரங்கள். சூடு வெளியே போய்விடும் என்று பயந்து முதல் நாளே எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறவர்கள் உண்டு. மழைநாளில் மூடிய அறைக்குள் துவைத்த சேலை காயாது, இதுவும் அப்படித்தான். முதல் நாள்தான் சீட்டிலிருந்து அதிக ஈரம் கிளம்பும், அன்றைக்குத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். சீட்டில் கறுப்புச் சொட்டுகள் விழுந்திருந்தால், நீராவி கூரைத் தகரத்தில் குளிர்ந்து தாரோடு சேர்ந்து சொட்டியிருக்கிறது. துவாரம் போதவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொங்கவிடும் முறையையும் கவனியுங்கள். சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையே காற்றுப் போக வேண்டும். பாதி காய்ந்தவற்றுக்கு நடுவில் புதிய ஈரச் சீட்டைச் செருகினால் இரண்டுமே கெடும். தினம் ஒருமுறை கம்பில் இடம் மாற்றிப் போட்டால் கம்புத் தடம் விழாது. புகைவழி திறக்கும் வாய்க்கு நேர் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். வாயின் மேல் இரும்புத் தகடு ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் கழன்று விழும் ஒரே சீட்டு போதும், அறை முழுவதும் பற்றிக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் காயவில்லையா? அப்படியானால் பிழை புகையறைக்கு வருமுன்பே நடந்திருக்கிறது. ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நன்றாகக் காய்ந்தது தேன்நிறத்தில் ஊடுருவித் தெரியும். நடுவில் வெண்திட்டு தெரிந்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓரத்தைக் கத்தியால் நறுக்கினால் பொன்னிறத் தோலுக்கு நடுவே வெள்ளைக் கோடு நிற்கும். அநேகமாகச் சீட்டு தடிப்பாகப் போயிருக்கும். மெசினிலிருந்து 3 மில்லிமீற்றர் அளவில் வெளிவர வேண்டும். கடைசி ரோலரின் வரி அச்சு தெளிவாக விழ வேண்டும், அந்த வரிகள்தான் காயும் பரப்பைக் கூட்டுகின்றன. பாலில் அசிட் கூடிப்போனால் உறைந்த கட்டி இறுகி, மெசினில் மெலியாது. கழுவிய சீட்டை நிழலில் சில மணிநேரம் வடியவிட்ட பிறகே உள்ளே ஏற்றுங்கள். இப்படி நிழலில் சொட்டிப்போகும் தண்ணீருக்கு ஒரு விறகும் செலவில்லை.

கொப்புளம் வந்திருந்தால் கதை வேறு. அது ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றியதன் அடையாளம், நெருப்பைக் குறையுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் சூடும் புகையும் இரண்டும் போதவில்லை. புகைக்கும் இங்கே வேலை உண்டு. அதிலுள்ள தார்ச்சத்துத்தான் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. 1952 இல் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 50,000 தொன் சீட் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்று பேச்சு; அந்தச் சீட்டு நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்கியதற்கு இந்தப் புகை வேலையும் ஒரு காரணம். அதனால் வெறும் வெயிலில் உலர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெயில் சீட்டைப் பிசுபிசுப்பாக்கி, தரத்தையும் இறக்கும்.

திருத்தம் முடிந்ததும் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட வேண்டாம். அறையைப் பாதி மட்டும் நிரப்பி, வெப்பமானியில் நாலு நாள் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் சரியான நெருப்புக்கும் 40ஐத் தொடவில்லையென்றால் புகைவழியைத் திரும்பத் தோண்டிப் பாருங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் அறையின் அளவுக்கு அடுப்பே சிறியதாக இருக்கக்கூடும். எழுதிவைத்த கணக்கோடு இறப்பர் அபிவிருத்தித் திணைக்களத்தின் கள உத்தியோகத்தரைக் கேளுங்கள். அகலவத்தையில் டாட்டன்பீல்டிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையத்திலும் புகையறை அமைப்புப் பற்றி ஆலோசனை பெறலாம். சீட்டில் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.