வேண்டாம் என்பவர் சொல்வதைக் கேள்

தம்பி, காரைக்குடி கார் ஷோரூமில் கூடுதல் வாரண்டி விற்கும் மேசையில் உன்னை உட்கார வைக்கிறார்களாம், உன் அம்மா சொன்னாள். வண்டி விற்பது எளிது. அது கண்முன் பளபளவென்று நிற்கும். நீ விற்கப்போவதோ, நாலாம் வருஷம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிற ஒரு செலவுக்கான காகிதம். எதிர்க்கேள்வி கேட்காமல் அதை யாரும் வாங்குவதில்லை. நானும் அதே மேசையில்தான் தலை நரைத்தேன்.

1. முதலில் காதைத் தீட்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இந்தப் பக்கத்துப் பையன்கள் வட்டிக்கடைக்குப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதன் பிறகே மேலாள் ஆனார்கள். பெட்டியடியில் இருந்தவரை பார்ப்பதும் கேட்பதும்தான் பாதி வேலை. "வேண்டாம் தம்பி" என்று ஒருவர் சொன்னதும் பதிலுக்குத் துடிக்காதே. கொஞ்சம் பொறு. முதலில் வருவது சாக்கு, அடுத்து வருவதுதான் காரணம்.

2. "நல்ல வண்டின்னு இப்பத்தானே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு வாரண்டி?" இந்தக் கேள்வி வராத நாள் இருக்காது. கியர்பாக்ஸ் போனால் இவ்வளவு, ஏசி கம்ப்ரஸர் போனால் அவ்வளவு என்று பயமுறுத்துவார்கள் சிலர். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இவ்வளவும் போகிற வண்டி எனக்கு வேண்டாம்" என்று புக்கிங்கையே ரத்து செய்துவிட்டு எழுந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். நல்ல வண்டிதான், சிலவற்றுக்குக் கோளாறு வரும், உங்களுடையது அதில் சேருமா என்று எனக்குத் தெரியாது என்று சொல். அதுதான் உண்மை.

3. வண்டி எவ்வளவு ஓடும் என்று கேட்காமல் விலையைச் சொல்லாதே. மாருதி 2024 ஜூலையிலிருந்து கம்பெனி வாரண்டியையே 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்திவிட்டது. கூடுதலாக வாங்கினால் 6 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை. இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி. மதுரைக்குத் தினமும் போய்வரும் வியாபாரியை எடுத்துக்கொள். போக வர ஏறக்குறைய 170 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் என்றால் 51,000. இரண்டே வருஷத்தில் கம்பெனி வாரண்டி தீர்ந்துவிடும். அவருக்கு இது தேவைதான். ஆனால் 6 வருஷம் என்று அச்சடித்த காகிதம் அவருக்கு மூன்று வருஷத்துக்குச் சற்று மேல்தான் வரும் என்பதையும் நீயே சொல்லிவிடு.

இன்னொருவர் சிங்கப்பூரில் இருப்பார். வண்டி கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டில் துணி போர்த்தி நிற்கும்; கல்யாணம், கோயில் காரியம் என்றால் வெளியே வரும். "ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா?" என்பார். வண்டி நின்றாலும் தேதி நிற்காது என்று சொல்லி அவரையும் மடக்கலாம்தான். மடக்காதே. நிற்கிற வண்டிக்கு வரும் கேடு பேட்டரி இறங்குவதும் எலி ஒயரைக் கடிப்பதும். அவற்றை இந்த வாரண்டி பார்க்காது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய ஆள் வைக்கச் சொல்லி அனுப்பு. அன்றைய இன்சென்டிவ் போகும். போகட்டும்.

4. "கிளெய்ம்னு வந்தா ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பீங்க" என்பவரிடம் கோபப்படாதே. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி வந்தவர்களின் பேரன்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் வைத்திருந்த நிலப் பத்திரங்கள் பிற்பாடு வெறும் காகிதமாயின. அந்த வீட்டுப் பிள்ளை பொடி எழுத்தையும் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். நீ முந்திக்கொள். எதெது சேராது என்கிற பக்கத்தை முதலில் விரித்து வை: பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர், தண்ணீர் புகுந்த எஞ்சின், வெளியே மாட்டிய கேஸ் கிட். விபத்து என்றால் இன்ஷூரன்ஸ், அது வேறு. படித்து முடித்த பிறகும் அவர் உட்கார்ந்திருந்தால், மேலே பேசு.

5. "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்பது நழுவல் என்று உனக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். இங்கே பெரும்பாலும் அது நிஜம். வீட்டுக் கணக்கு ஆச்சி கையில். கூட வந்திருந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, அவரைப் பார்த்துப் பேசு. "இன்றைக்கே கடைசி" என்ற பொய் வேண்டாம். கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் பெரும்பாலும் வாங்கலாம், தள்ளிப்போட்டால் விலை கூடும், அவ்வளவுதான்.

6. கேட்காமல் வாரண்டியை ஆன்ரோடு விலைக்குள் சேர்த்து எழுதாதே. மேனேஜர் சொன்னாலும்.

7. வாங்க வருபவருடைய பட்டறை மெக்கானிக்கைக் குறைத்துப் பேசாதே. அவர் அப்பாவின் அம்பாசடரை ஓட வைத்த கை அது. வாரண்டி உள்ளவரை சர்வீஸ் கம்பெனியில்தான் செய்ய வேண்டும், அது சரிப்படாது என்றால் வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்.

8. விற்ற பிறகுதான் உன் வேலை ஆரம்பம். சர்வீஸ் தேதி தவறினால் கிளெய்ம் நிற்காது, ஆகவே தேதிக்கு முன் நீயே போன் செய். வாங்கியவர் கிளெய்முக்கு வரும் நாளில் ஒளியாதே. சர்வீஸ் கவுண்டரில் அவர் பக்கம் போய் நில். கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக் கொடு. அது நியாயமில்லை என்று உனக்கே பட்டால், நுகர்வோர் உதவி எண் 1915ஐயும், சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பதையும் அவருக்குச் சொல். மேனேஜர் முறைப்பார்.