கழிபொருளில் ஒரு காடு

வீட்டுக் கழிபொருளைக் கொண்டு விலங்குகளின் வாழிடத்தை ஒட்டுப்படமாகச் செய்யப் புகுவோர் முதலில் விலங்கைத்தான் ஒட்டுவர். நானும் அவ்வாறு பிழைத்தவனே.

திருப்பதியில் விலங்கியல் பயிலும் நான், சென்ற கோடையில் பலமனேரை அடுத்த சிற்றூரொன்றில் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தேன். செய்தித்தாளில் பெரிய யானையொன்றை வெட்டி அட்டை நடுவே ஒட்டி, "இனிக் காட்டை ஒட்டுவோம்" என்றேன். "அன்னா, இது எதைத் தின்னும்?" என்று தெலுங்கில் கேட்டாள் ஒரு சிறுமி. மூங்கிலுக்கும் இடமில்லை, ஓடைக்கும் இடமில்லை! வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீனியும், 100 லிட்டருக்கு மேல் நீரும் வேண்டுமே!

ஆகவே நிலத்தில் தொடங்குக. பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை எடுத்து, காய்ச்சிய மைதாப் பசையைத் தடவி, தேயிலைச் சக்கையைத் தூவினால் செம்மண் தரை தோன்றும். சக்கையை இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு தூவிய என் முதற் படம் பூசணம் பூத்துப்போயிற்று. முட்டையோட்டை நொறுக்கினால் பாறை. துடைப்ப ஈர்க்கு மூங்கில். தேங்காய் நார் உலர்ந்த புல். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கசக்கி விரித்தால் ஓடை. யானையைக் கடைசியில், மூங்கிலினும் சிறிதாக வெட்டுக.

நாங்கள் செய்தது சித்தூர் மாவட்டத்துக் கௌண்டின்யக் காடு. அங்குள்ள யானைகள் 1980-களில் தமிழகப் பக்கத்திலிருந்து வந்தவை. (எங்கள் குடும்பமும் வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்ததே. எங்களை யாரும் வெடி போட்டு விரட்டவில்லை!) 1990-இல் அக்காடு காப்பகமாக்கப்பட்டது. முள்மரங்களும் உசிலையும் மூங்கிலும் நிறைந்த வறண்ட காடு அது. கோடையில் ஓடைகள் வற்றும். அருகிலோ கரும்பும் வாழையும் கேழ்வரகும் விளையும் கழனிகள். வயிறு எல்லைக்கோட்டை அறியுமா?

காப்பகத்தின் எல்லையாக எரிந்த தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டினேன். வேலிக்கு வெளியே கேழ்வரகு உமியால் வயலொன்றும் அமைத்தோம். யானையை ஒட்டும் பொறுப்பை ஒரு சிறுவனிடம் விட்டேன். அவன் நான்கு குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, யானையை வயலின் நடுவே வைத்து அழுத்தினான். "இது எங்கள் தாத்தா வயல், போன அறுப்புக்கு முன் இங்கேதான் நின்றது" என்றான்.

பசை காயுமுன் யானையை எடுத்துக் காட்டுக்குள் ஒட்டிவிடலாமென்று கையை நீட்டினேன், பிறகு எடுக்கவில்லை. அப்படம் இன்று என் விடுதி அறைச் சுவரில் அப்படியே தொங்குகிறது.