எது எதனால்? ஒரு சிறு பாடம்

"கோச்சிங்கில் சேர்ந்தான், மார்க் ஏறியது" என்கிறோம். சேராவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. வேலை குறையும் என்றார்கள். டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் இருவரும் உயர்வுக்கு முன்னும் பின்னும் துரித உணவகங்களைக் கணக்கெடுத்தனர். பகுதிநேரத்தாரை அரை ஆளாக எண்ணினால், கடைக்குச் சராசரி 20.44 பேர் 21.03 ஆனார்கள். கூலி உயராத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் 23.33 பேர் 21.17 ஆகக் குறைந்தார்கள்.

இங்கே 0.59 கூடியது, அங்கே 2.16 குறைந்தது. ஆக, உயர்வின் விளைவு சுமார் 2.75 பேர் கூடுதல். கூலி உயராதிருந்தால் இரு மாநிலங்களும் ஒரே போக்கில் போயிருக்கும் என்பதே இதன் அஸ்திவாரம். அதில் வாதம் உண்டு. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

குடும்ப வருமானம், பள்ளி, பழைய மார்க் என்று வேறுபாடுகள் பலவானால், இன்று இயந்திரக் கற்றல் அவற்றைக் கழித்துத் தருகிறது. ஆனால் நாம் திரட்டாத தகவலை அதனாலும் கழிக்க முடியாது.

ஆகவே பணம் கட்டுமுன், அதே நிலையில் இருந்து கோச்சிங் சேராத பிள்ளையின் மார்க் எவ்வளவு ஏறியது என்றும் விசாரியுங்கள்.