மீன் வளர்த்த நீரில் பயிர்ச் சத்து

மீன் தொட்டியின் நீரை மண்ணில்லாப் பாத்திகளிற் செலுத்திக் கீரை விளைவித்து, அந்நீரையே மீண்டும் மீனுக்கு விடும் முறையைப் பற்றிப் பேசுவோர், மீனின் கழிவே பயிருக்கு முழு உணவாகும் என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையென்பதை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம். நன்னீர் அருகிய கரீபியத் தீவாகிய செயின்ட் குரோயில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, ஜேம்ஸ் ரக்கோசி என்பார் 1980-களில் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். அங்கு வளர்க்கப்பெற்றது திலாப்பியா. நம் சந்தைகளில் ஜிலேபி மீன் என விற்கப்படுவதும் இக்குடும்பத்ததே.

இம்முறைக்கு முதற்பொருள் மீனுக்கிடும் இரை. 32 விழுக்காடு புரதமுள்ள இரை ஒரு கிலோகிராமில் நைட்ரஜன் ஏறக்குறைய 51 கிராம் உண்டு. அதிற் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே மீனின் உடலிற் பொதுவாகத் தங்கும். எஞ்சியதிற் பெரும்பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக நீரிற் கலக்கின்றது. அம்மோனியா மிகின் மீன் மடியும். ஆயின் நீரில் வாழும் நுண்ணுயிர்களுள் ஒரு சாரன அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு சாரன நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின், மீன் எத்தனை என்று எண்ணுவதினும் இரை எவ்வளவு என்று நிறுப்பதே தகுதி. பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் இரை என்பது அவர் கண்ட அளவு. அங்கிருந்த 214 சதுர மீட்டருக்கு, குறைந்த கணக்கிலும், நாள்தோறும் ஏறத்தாழ 13 கிலோகிராம் வேண்டும்.

இனிக் குறை யாது? இரை மீனுக்கென ஆக்கப்பட்டது, பயிருக்கென அன்று. பொட்டாசியம், கால்சியம், இரும்பு ஆகிய மூன்றும் பயிர் வேண்டும் அளவு அதனின்று கிடைப்பதில்லை. இரும்பு குன்றினால் இளந்தளிரின் நரம்புகள் மட்டும் பசுமையாயிருக்க, இடையெல்லாம் மஞ்சள் பூக்கும். மற்றொரு தொல்லையும் உண்டு. நுண்ணுயிர்களின் வினையால் நீரில் அமிலம் நாளுக்கு நாள் மிகுகின்றது. அமிலம் மிஞ்சின் அந்நுண்ணுயிர்களே வினை தளரும்; காரம் மிஞ்சினாலோ இரும்பு பயிருக்கு எட்டாது. மீனும் நுண்ணுயிரும் பயிரும் ஒருவாறு இசைந்திருப்பது பி.எச். 7 என்னும் அளவிலாம்.

இவ்விரு தொல்லைகளையும் ரக்கோசி ஒன்றைக்கொண்டு ஒன்றைத் தீர்த்தமை நம் வியப்புக்குரியது. அமிலத்தை முறிக்க அவர் நீற்றிய சுண்ணாம்பையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மாறி மாறி இட்டார். அமிலம் தணிந்தது; கால்சியமும் பொட்டாசியமும் உடன் சேர்ந்தன. மலிவென்று கருதிச் சமையற் சோடாவை இடுவோர் சோடியத்தைப் பெருக்கிப் பயிரைக் கெடுப்பர். சிக்கனம் பேசுவோர் இதனை நோக்குக. இரும்பை மட்டும் கிலேட் வடிவில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தனியே இட நேர்ந்தது.

கரையாத கழிவோ வேறு வகை. அது வேரிற் படிந்தால் வேர் மூச்சடைக்கும். ஆகவே வடித்து நீக்கினர். நுண்துகள் வலைத்தொட்டிகளிற் சிக்கித் தேங்க, பிராணவாயு புகாத அச்சேற்றில் நைட்ரேட்டு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். எனவே கீரைக்கு நைட்ரேட்டு மிக வேண்டின் வலையை அடிக்கடி கழுவவும், காய்ப்பயிருக்குக் குறைய வேண்டின் தாழ்த்துக் கழுவவும் கற்றனர். பாஸ்பரசில் கணிசமான பங்கு இச்சேற்றோடு போய்விடுவதால், சேற்றை வயலுக்கு எருவாக இட்டாலன்றி அச்சத்து வீணே.