பல்லிக்குப் போன பிள்ளைகள்

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும்போது எந்தெந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணப் போவதாகவும், அதற்காக நாற்பது கட்டுரை நோட்டுகளை வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த நோட்டுகளை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

கோபித்துக்கொள்ளாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே ஆசையோடு மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். வகுப்பே 'மழை இயற்கையின் கொடை' என்று தொடங்கியிருந்தது. முந்தின வாரம் நானே பலகையில் எழுதிப்போட்ட வரி அது. கொடை என்றால் என்னடா என்று ஒருவனைக் கேட்டேன். "மழையில பிடிச்சுக்கிட்டு வருவோமே, அதுதான் டீச்சர்" என்றான். கட்டுரை நோட்டில் நீ எண்ணப்போவது பிள்ளைகளின் சொற்களை அல்ல, டீச்சரின் சொற்களை.

ஆகவே பலகையைத் துடைத்துவிட்டு, வெள்ளைத்தாளைக் கொடு. தலைப்பு வேண்டாம், 'திருவிழா' என்று சொன்னால் பட்டியலில் திருவிழாதான் மேலே ஏறி உட்காரும். மனதில் இருப்பதை எழுதச் சொல். எழுதும்போது திருத்தாதே. எழுத்துக்கூட்டிச் சொல்லியும் கொடுக்காதே.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்து ஹென்றி ரின்ஸ்லாண்ட். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களைச் சேர்த்து, 60 லட்சத்துக்கும் அதிகமான சொற்களை எண்ணி, 1945இல் புத்தகமாக வெளியிட்டார். அத்தனையிலும் வெவ்வேறு சொற்கள் என்று பார்த்தால் 25,632தான். கொஞ்சம் சொற்கள் ஓயாமல் உழைக்கின்றன. மற்றவை எப்போதோ தலைகாட்டிவிட்டுப் போகின்றன.

அவருக்கு முன்பே, 1936இல், எட்வர்ட் டோல்ச் வாசிப்புக்காக 220 சொற்களைத் தொகுத்தார். அதில் ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. 95 பெயர்ச்சொற்களைத் தனிப் பட்டியலாக ஒதுக்கிவிட்டார். பெயர்ச்சொல் பேசுபொருளோடு வந்து பேசுபொருளோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். 2018இல் பிரிட்டனில் பிள்ளைகள் எழுதிய கதைகளை ஆராய்ந்து, அந்த ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அறிவித்தது 'பிளாஸ்டிக்'. 2020இல் அந்த இடத்துக்குக் கொரோனா வந்துவிட்டது. 'அப்புறம்', 'ஆனால்' போன்றவை அப்படி இடம் மாறுவதில்லை. அதனால் நீயும் இரண்டு பட்டியலாகவே வைத்துக்கொள்.

இனிமேல்தான் உன் தலைவலி. ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் குட்டிச் சொற்கள் பல, தமிழில் வேற்றுமை உருபாகச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில், வீட்டுக்கு, வீட்டுக்குப், வீட்டிலிருந்து: கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் நான்கு சொல் என்று சொல்லும். வெறும் ஒற்று மிகுந்ததற்குக்கூட ஒரு கணக்கு! என்னைக் கேட்டால், நான்கையும் 'வீடு' என்பதன் கீழ் எழுது. ஒட்டிய உருபுகளைப் பக்கத்தில் தனியே எண்ணு. 'க்கு' எத்தனை முறை, 'ஆல்' எத்தனை முறை என்பது உனக்குச் சொல்பட்டியலைவிட அதிகம் சொல்லும். வேலை இரட்டிப்பாகும்தான். இதில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிழைகளுக்கும் ஒரு வழி வேண்டும். 'நான் பல்லிக்குப் போனேன்' என்று பாதி வகுப்பு எழுதும். அதைப் 'பல்லி'யில் சேர்த்தால் ஊரில் பல்லி பெருகிவிடும். சத்தமில்லாமல் 'பள்ளி' என்று திருத்தினால் ல, ள தடுமாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். எழுதியது ஒரு பத்தியில், நினைத்தது அடுத்த பத்தியில். 'வந்துருச்சு', 'அடிச்சான்' போன்ற பேச்சு வடிவங்களையும் அப்படியே வை. சந்தேகம் வந்தால் எழுதிய பிள்ளையையே கூப்பிட்டுக் கேள்.

பிள்ளைகளின் பெயரைத் தாளில் எழுதாதே; எண் போதும். முதல் இருபது தாள் முடிந்ததும் பட்டியலை எனக்கு அனுப்பு. பிழையோடு அனுப்பு.

அன்புடன்,
அத்தை